முதல் நூலுக்கு முன்: நைரோபியிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கேள்விகள்

ஆப்பிரிக்கக் கவிஞர்கள் முதல் நூலை வெளியிடுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களிடமிருந்து வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிட்டன. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி (நைரோபி): அம்மா, நான் ஒரு தேயிலை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்காளர். என்னுடன் வேலை செய்யும் கென்ய இளைஞர் ஆங்கிலத்தில் கவிதை எழுதுகிறார். அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒரு பதிப்பகம் 500 பிரதிகள் அச்சிட்டுத் தர 1,50,000 ஷில்லிங் கேட்கிறது. அதில் பாதியை என்னிடம் கடனாகக் கேட்கிறார். "முதல் புத்தகம் கையில் இருந்தால்தான் பரிசுகளுக்கு விண்ணப்பிக்க முடியும்" என்கிறார். நல்ல பையன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணம் திரும்பி வராது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். "முதல் புத்தகம் கையில் இருந்தால்தான் பரிசு" என்று அவர் நம்புகிறாரே, அதற்காகச் சொல்கிறேன். நிலைமை அதற்கு நேர்மாறானது. ஆப்பிரிக்கக் கவிஞர்களுக்கு இன்று திறந்திருக்கும் முக்கியமான வாசல்கள், இதுவரை புத்தகம் போடாதவர்களுக்காகவே இருக்கின்றன. அந்த 500 பிரதிகள் வந்த நாளில் அவை மூடிக்கொள்ளும்.

அவற்றில் முதலாவது சில்லர்மன் பரிசு. ஆப்பிரிக்கக் கவிஞர்களின் முதல் நூலுக்கென்றே ஏற்பட்டது. கானாவில் பிறந்து ஜமைக்காவில் வளர்ந்த கவிஞர் குவாமே டாஸ், அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 2012-இல் ஆப்பிரிக்கக் கவிதை நூல் நிதியம் என்ற அமைப்பைத் தொடங்கினார். பரிசு அதன் வழியாக வருகிறது. வென்றவருக்கு 1,000 டாலர் தருவதோடு நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலையும் வெளியிடுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. வழக்கமாகச் செப்டம்பர் நடுவில் திறந்து டிசம்பர் முதல் தேதியில் மூடுவார்கள். குறைந்தது 50 பக்கக் கையெழுத்துப் பிரதி வேண்டும். ஆப்பிரிக்காவில் பிறந்தவர், ஓர் ஆப்பிரிக்க நாட்டின் குடிமகன் அல்லது அங்கே வசிப்பவர், ஆப்பிரிக்கப் பெற்றோரின் பிள்ளை என யாரும் அனுப்பலாம். ஒரே நிபந்தனை, முழு அளவிலான கவிதை நூல் முன்பு வந்திருக்கக் கூடாது. சொந்தச் செலவில் அச்சிட்டதும் அந்தக் கணக்கில் சேரும். இணையத்திலோ கடையிலோ விற்றிருந்தாலும், கவிதை வாசிப்புக் கூட்டத்தில் மேசை போட்டு விற்றிருந்தாலும் நூல் நூல்தான். உங்கள் நண்பர் அலுவலகத்தில் நாலு பேருக்கு விற்றுவிட்டு, பிறகு இந்த விதியைப் படித்து நெற்றியில் அடித்துக்கொள்வதை நான் விரும்பவில்லை.

இந்தப் பரிசை முதன்முதலில் வென்றவர் யார் தெரியுமா? கென்யாவைச் சேர்ந்த கிளிஃப்டன் கச்சாகுவா. அவருடைய நூல் 2014-இல் வந்தது. ஆகவே, "நம் ஊர்க்காரர்களுக்கெல்லாம் யார் கொடுப்பார்கள்" என்று அவர் சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

அந்தப் 'பதிப்பகம்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். நைரோபியில் ஒரு பாடநூல் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்த காலத்திலிருந்தே இந்த வகையை எனக்குத் தெரியும். அச்சடிப்பவர் அச்சடிப்பதற்குக் காசு வாங்குவதில் தவறே இல்லை. ரிவர் ரோடு பக்கம் அச்சகங்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்கள் தங்களை அச்சகம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அச்சடிக்கிற வேலையை மட்டும் செய்துவிட்டு, அதற்குப் பதிப்பகம் என்று பெயர் வைத்துக் கூடுதலாக வாங்குவதுதான் கோளாறு. ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "என் கவிதைகளில் எவை வேண்டாம் என்று நினைக்கிறீர்கள்?" அறுபதில் ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்லாதவர் அறுபதையும் படிக்கவில்லை. அவர்கள் வெளியிட்ட வேறு நூல் ஏதாவது நகரத்துப் புத்தகக் கடைகளில் இருக்கிறதா என்று ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் போய்ப் பாருங்கள்.

பெரிய பதிப்பகங்கள் ஏன் இவரைக் கண்டுகொள்வதில்லை என்றும் கேட்பார். கென்யாவின் வணிகப் பதிப்பகங்கள் பாடநூல்களை நம்பிப் பிழைக்கின்றன. பாடத்திட்ட நிறுவனம் ஒரு நூலை ஏற்றுக்கொண்டால் ஆயிரக்கணக்கில் போகும். கவிதைத் தொகுப்பு அந்தப் பட்டியலில் ஏறுவது அபூர்வம், அதுவும் பெயர் தெரியாதவரின் முதல் தொகுப்பு ஏறவே ஏறாது. அங்கே கதவு தட்டி மனம் நொந்துகொள்வதில் பயனில்லை. அவர்கள் வில்லன்கள் அல்ல; அவர்கள் கணக்கு அப்படி.

சரி, என்னதான் செய்வது? இதழ்களில் தொடங்க வேண்டும். அறுபது கவிதையில் எத்தனை இதுவரை வெளியாகியிருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றுமில்லை என்றே ஊகிக்கிறேன். பிறகு எந்தத் தேர்வுக்குழு அவரை எப்படி அறியும்? 2010-இல் தொடங்கிய பிரிட்டில் பேப்பர் இருக்கிறது. கென்ய எழுத்தாளர் ட்ராய் ஓன்யாங்கோ 2020-இல் தொடங்கிய லோல்வே இருக்கிறது. விக்டோரியா ஏரியின் லுவோ மொழிப் பெயர் அது. நமீபியாவில் டோக் இருக்கிறது. இருபது முதல் முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஆப்பிரிக்கக் கவிஞர்களுக்கென்றே '20.35 ஆப்பிரிக்கா' என்ற ஆண்டுத் தொகுப்பு 2018 முதல் வருகிறது. நாலைந்து கவிதைகளாக அனுப்பச் சொல்லுங்கள். இதழில் வந்த கவிதையைப் பின்னால் நூலில் சேர்ப்பதற்குத் தடையில்லை. நன்றிப் பக்கத்தில் இதழின் பெயரைப் போட்டால் போதும். அந்த நன்றிப் பக்கம் நீளமாக இருப்பதைத் தேர்வாளர்கள் கவனிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

உங்கள் தொழில் இங்கே உதவும். எந்தக் கவிதை, எந்த இதழுக்கு, எந்தத் தேதியில் போனது, பதில் என்ன என்று ஒரு பேரேடு போட்டுக் கொடுங்கள். கவிஞர்கள் இதில் படு மோசம். ஒரே கவிதையை மூன்று இடத்துக்கு அனுப்பிவிட்டு, ஓரிடத்தில் ஏற்றுக்கொண்ட பிறகு மற்ற இருவருக்கும் சொல்ல மறந்துவிடுவார்கள். ஆசிரியர்களின் நினைவாற்றல் இந்த ஒரு விஷயத்தில் மிகக் கூர்மையானது.

அடுத்தபடி, பத்துக் கவிதைகள். பத்தே கவிதைகளைக் கேட்கும் பரிசு ஒன்று உண்டு. பிரிட்டிஷ்-நைஜீரிய எழுத்தாளர் பெர்னடீன் எவரிஸ்டோ முன்பு புரூனெல் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடங்கியது. இப்போது அவர் பெயராலேயே, நான் மேலே சொன்ன நிதியத்தின் கீழ் நடக்கிறது. பரிசு 1,500 டாலர். இதற்கும் முழு நூல் வந்திருக்கக் கூடாது. பத்துக் கவிதைகளைத் தேர்ந்தெடுப்பதே நல்ல பயிற்சி. அறுபதில் பத்தைத் தேர்ந்தெடுக்கத் திணறுகிறவர் இன்னும் தன் கவிதைகளைத் தானே படிக்கவில்லை என்று அர்த்தம்.

அதற்கும் நூலுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. இருபது, முப்பது பக்கத்தில் வரும் குறுநூல். 2014 முதல் குவாமே டாஸும் நைஜீரிய எழுத்தாளர் கிறிஸ் அபானியும் இளம் ஆப்பிரிக்கக் கவிஞர்களின் குறுநூல்களைச் சேர்த்து ஒரே பெட்டியாக வெளியிட்டு வருகிறார்கள். இதற்கு விண்ணப்பம் கிடையாது, அழைப்புதான். இதழ்களையும் பரிசுப் பட்டியல்களையும் பார்த்து அழைக்கிறார்கள். முக்கியமானது என்னவென்றால், குறுநூல் முதல் நூலாகக் கணக்கில் வராது. சூடானியக் கவிஞர் சஃபியா எல்ஹிலோ இதற்குப் பாடநூல் உதாரணம். 2015-இல் புரூனெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2016-இல் பெட்டியில் அவருடைய குறுநூல் வந்தது. அதே ஆண்டு சில்லர்மன் பரிசு, 2017-இல் முழு நூல். எல்லாருக்கும் இவ்வளவு வேகமாக நடக்காது. நைரோபியில் பிறந்து லண்டனில் வளர்ந்த சோமாலியக் கவிஞர் வர்சான் ஷயரின் குறுநூல் 2011-இல் வந்தது. கானா எழுத்தாளர் நீ அயிக்வெய் பார்க்ஸ் நிறுவிய சிறு பதிப்பகம் அதை வெளியிட்டது. 2013-இல் புரூனெல் பரிசின் முதல் வெற்றியாளரும் அவரே. முழுத் தொகுப்பு 2022-இல்தான் வந்தது. நடுவில் உலகமே அவர் வரிகளை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தது, அவர் அவசரப்படவில்லை. உங்கள் நண்பரோ ஓர் அச்சகத்தின் விலைப்பட்டியலைப் பார்த்து அவசரப்படுகிறார்.

கேள்வி (மீண்டும் நைரோபி, அதே வாசகர், இரண்டாவது கடிதம்): கடன் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, இப்போது பேசுகிறார். "அப்படியானால் கையெழுத்துப் பிரதியை எப்படி அமைப்பது என்று கேள்வி-பதில் எழுதும் அந்த அம்மாவிடம் கேளுங்கள்" என்கிறார்.

பதில்: பேச ஆரம்பித்தது மகிழ்ச்சி.

முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு கவிதை என்று எல்லாவற்றையும் அச்செடுத்துத் தரையில் பரப்பச் சொல்லுங்கள். திரையில் பார்த்து வரிசைப்படுத்துகிறவர்கள் எப்போதும் எழுதிய தேதி வரிசையையே வைத்துக்கொள்கிறார்கள். எழுதிய வரிசை எழுதியவருக்குத்தான் முக்கியம். தரையில் கிடக்கும்போது, மழை பற்றி ஏழு, அம்மா பற்றி ஒன்பது, மத்தாட்டு நெரிசல் பற்றி ஐந்து என்று கண்ணில் படும். மத்தாட்டு அவர்கள் ஊர் மினி பஸ். அதைப் பற்றி எழுதாத நைரோபிக் கவிஞரை நான் பார்த்ததில்லை. ஐந்தும் நன்றாக இருக்கலாம். ஆனால் இரண்டாவதைப் படிக்கும்போதே முதலாவதன் வலு குறையும். சிறந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தனிக் கோப்பில் போடட்டும். கிழிக்கச் சொல்லவில்லை. இரண்டாவது நூல் என்று ஒன்று இருக்கிறது.

அறுபது நாற்பத்தைந்தாகக் குறைந்தால் நல்லது. ஐம்பது பக்கம் என்ற குறைந்தபட்ச அளவை எட்டுவதற்காகச் சொத்தைக் கவிதைகளைச் சேர்ப்பதைவிட, ஓராண்டு பொறுத்து எழுதிச் சேர்ப்பது மேல். நீண்ட கவிதைகள் இரண்டு மூன்று பக்கம் எடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதல் பத்துப் பக்கம் எல்லாவற்றையும்விட முக்கியம். குவியல் குவியலாகப் படிக்கும் தேர்வாளருக்கு அதற்குள் இவர் குரல் பிடிபட வேண்டும். பலர் மிகச் சிறந்த கவிதையைக் கடைசியில் வைத்துக் காத்திருக்கிறார்கள். அதுவரை படிக்க ஆள் இருக்க வேண்டுமே! வேறு யாரும் எழுதியிருக்க முடியாத கவிதை எதுவோ அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைக்கலாம். முதலாவதாக, வாசகரைத் தெருவுக்குள் அழைத்துச் செல்லும் எளிமையான ஒன்று.

பிறகு சில்லறை விஷயங்கள். சாதாரண எழுத்துரு போதும். அட்டைப்படம் வேண்டாம், காதலியின் ஓவியமும் வேண்டாம். பொருளடக்கம் வேண்டும், பக்க எண் வேண்டும். சுவாஹிலியோ கிக்குயுவோ நைரோபித் தெருமொழியான ஷெங்கோ வரும் இடங்களில் அடிக்குறிப்புப் போட்டு நிரப்ப வேண்டாம். தேர்வுக்குழுவில் ஆப்பிரிக்கக் கவிஞர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். 'உகாலி' (அங்கே அன்றாடம் உண்ணும் மக்காச்சோளக் களி) என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கினால் இவர் வேறு யாருக்காகவோ எழுதுகிறார் என்று தெரிந்துவிடும்.

அனுப்புவதற்கு முன் இரண்டு பேர் படிக்கட்டும். ஒருவர் கவிஞராக இருக்கலாம். இன்னொருவர் நீங்களே. கவிதை புரியாது என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது என்று பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க்): ஆப்பிரிக்கக் கவிஞரின் முதல் நூலை அமெரிக்காவின் சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டியிருக்கிறதே, உங்களுக்கு இது உறுத்தவில்லையா? பழைய எஜமானர் போய்ப் புதிய எஜமானர் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

பதில்: உறுத்துகிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல.

தேர்ந்தெடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். கானாவில் பிறந்த டாஸ், நைஜீரியாவின் அபானி, உங்கள் தென்னாப்பிரிக்காவின் கபேபா படரூன் போன்ற கவிஞர்கள்தான் அந்த ஆசிரியர் குழுவில் இருந்து தேர்ந்தெடுத்தவர்கள். எஜமானர் என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தாது. நெப்ராஸ்கா வெளியிடும் அந்த ஆப்பிரிக்கக் கவிதை நூல்வரிசையின் முதல் நூல் யாருடையது தெரியுமா? கானாவின் மூத்த கவிஞர் கோஃபி அவூனோருடையது. 2013 செப்டம்பரில் இலக்கிய விழாவுக்காக நைரோபி வந்திருந்தவர், வெஸ்ட்கேட் வணிக வளாகத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு நூல் வந்தது. ஒரு பெரியவரை முன்னே நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால் புதியவர்களைக் கொண்டுவந்த வரிசை அது.

வெளிநாட்டுப் பணம் என்பதும் புதிதல்ல. 1961-இல் நைஜீரியாவின் இபாதானில் ம்பாரி என்ற எழுத்தாளர் கழகம் உருவாயிற்று. கிறிஸ்டோபர் ஒகிக்போவின் முதல் கவிதை நூலை 1962-இல் வெளியிட்டது ம்பாரிதான். அவூனோரின் முதல் தொகுப்பும் 1964-இல் அங்கிருந்தே வந்தது. உங்கள் நாட்டு டென்னிஸ் புரூட்டஸின் முதல் நூலையும் அவர்களே 1963-இல் கொண்டுவந்தார்கள். அப்போது அவர் சிறையில். சொந்த நாட்டில் அவர் எதையும் வெளியிடத் தடை இருந்தது. இவ்வளவு நல்ல வேலை செய்த ம்பாரிக்கும், கம்பாலாவில் ரஜத் நியோகி நடத்திய டிரான்சிஷன் இதழுக்கும் பண்பாட்டுச் சுதந்திரப் பேராயம் என்ற அமைப்பு பணம் கொடுத்தது. அதன் பின்னால் இருந்தது அமெரிக்க உளவு நிறுவனம் சி.ஐ.ஏ. என்பது 1966, 67-இல் வெளிவந்தது. எழுதியவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் ஒகிக்போவின் ஒரு வரியைக்கூட அந்தப் பணம் எழுதவில்லை. அதனால்தான் பணம் எங்கிருந்து என்று கேட்பதோடு, யார் தேர்ந்தெடுக்கிறார் என்றும் கேட்கச் சொல்கிறேன்.

எனக்கு உறுத்துவது விலை. நெப்ராஸ்கா வெளியிடும் மெல்லிய கவிதை நூல் பதினைந்து, பதினெட்டு டாலர். கப்பல் கூலியைச் சேர்க்காமலே இரண்டாயிரம் கென்ய ஷில்லிங். எழுதியவரின் தெருவில் இருப்பவர் வாங்க முடியாது. நிதியம் 2014-இல் போட்ஸ்வானா, காம்பியா, கானா, கென்யா, உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் கவிதை நூலகங்களை ஏற்படுத்தியது; நல்ல காரியம், போதாது. ஆகவே, இப்படிப் பரிசு வென்று ஒப்பந்தம் போடும் கவிஞர்களுக்கு நான் சொல்வது: உள்நாட்டுப் பதிப்பகம் ஒன்று மலிவுப் பதிப்பு போட வழி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பின்னால் கேட்டால் மின்னஞ்சலுக்குப் பதில் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டில் வேறு வழியும் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் தபால், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்த ஆஸ்வால்ட் ம்ட்ஷாலியின் முதல் நூலை 1971-இல் லயனல் ஆப்ரஹாம்ஸின் மிகச் சிறிய ரெனாஸ்டர் பதிப்பகம் வெளியிட்டது. கவிதை ஆயிரக்கணக்கில் விற்கும் என்று யாரும் நினைத்திராத காலம், விற்றது. 2017-இல் கொலேகா புட்டுமாவின் முதல் தொகுப்பை உஹ்லாங்கா என்ற சிறு பதிப்பகம் கொண்டுவந்தது. மறுபதிப்புகள் கண்டு பல்கலைக்கழகப் பாடமாகவும் ஆயிற்று. முதல் தொகுப்புகளுக்கென்றே 1965-இல் ஏற்பட்ட இங்க்ரிட் யோங்கர் பரிசும் உங்கள் நாட்டில்தான் இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் ஆஃப்ரிகான்ஸுக்கும் மட்டும் என்பது அதன் குறை. தென்னாப்பிரிக்கக் கவிஞருக்கு நெப்ராஸ்கா இரண்டாவது யோசனையாக இருக்கலாம். கென்யருக்கு அப்படிச் சொல்ல இன்னும் எனக்குத் துணிவில்லை.

கேள்வி (மொம்பாசா): என் பக்கத்து வீட்டு இளைஞர் சுவாஹிலியில் மட்டுமே எழுதுகிறார். ஆங்கிலத்துக்கு மாறினால்தான் புத்தகம் வரும் என்று நண்பர்கள் அவரைக் குழப்புகிறார்கள்.

பதில்: மொம்பாசாவில் உட்கார்ந்துகொண்டு சுவாஹிலிக் கவிதையை விடு என்று சொல்கிற நண்பர்களை அவர் மாற்றிக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முயாக்கா என்ற கவிஞர் பாடிய ஊர் அது. வரிக்குப் பதினாறு அசை, நடுவிலும் கடைசியிலும் இயைபு என்று 'ஷாயிரி' என்ற பா வகை இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. திருமணத்திலும் அரசியல் மேடையிலும் கேட்கலாம்.

அதே ஊரில் பிறந்த அப்துல்லத்தீஃப் அப்தல்லா, 1968-இல் அரசை விமர்சித்துத் துண்டறிக்கை எழுதியதற்காக மூன்றாண்டு சிறைக்குப் போனார். தனிமைச் சிறையில் கழிப்பறைத் தாளில் கவிதை எழுதினார். அவை 1973-இல் நைரோபி ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் வழியாக நூலாக வந்தன. மறு ஆண்டு ஜோமோ கென்யாட்டா இலக்கியப் பரிசு கிடைத்தது. அப்தல்லாவைச் சிறையில் வைத்ததும் அதே அதிபர் கென்யாட்டாவின் ஆட்சிதான் என்று பார்த்தால் சிரிப்பு வரும்.

இன்றைக்கு உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு உள்ள நேரடி வழி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் தொடர்போடு 2014-இல் ஏற்பட்ட சுவாஹிலி இலக்கியப் பரிசு. மபாட்டி-கார்னெல் என்று தொடங்கியது, இப்போது சஃபால்-கார்னெல். மொத்தப் பரிசுத் தொகை 15,000 டாலர். அச்சேறாத கையெழுத்துப் பிரதியையும் அனுப்பலாம். இது சில்லர்மன் பரிசைவிடப் பெரிய தொகை என்பதை அந்த ஆங்கில நண்பர்களுக்கு நினைவூட்டுங்கள். சில்லர்மன் தேர்வுக்கும் மொழிபெயர்ப்பை அனுப்பலாம். பரிசில் ஒரு பங்கு மொழிபெயர்ப்பாளருக்குப் போகும், போகத்தானே வேண்டும்.

இலக்கணத்தை மீறி எழுதலாமா என்று அடுத்து கேட்பார். தான்சானிய எழுத்தாளர் கெசிலஹாபி 1974-இலேயே யாப்பில்லாத தொகுப்பு வெளியிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தச் சண்டை முடிந்து வெகு காலமாகிறது. அவர் இஷ்டப்படி எழுதட்டும்.

கேள்வி (கம்பாலா): என் தோழி நல்ல கவிஞர். இரண்டு சிறு குழந்தைகள். இலக்கிய வட்டத்தில் யாரையும் தெரியாது. அங்கே எல்லாம் ஆண்கள் கூட்டம் என்று தயங்குகிறார்.

பதில்: கம்பாலாவில் இருந்துகொண்டு இந்தத் தயக்கம் தேவையில்லை. மேரி கரூரோ ஒகுருட் முன்னின்று தொடங்கிய ஃபெம்ரைட் என்ற பெண் எழுத்தாளர் சங்கம் 1996 முதல் அங்கே இயங்குகிறது. சொந்தமாகப் பதிப்பிக்கிறார்கள், பட்டறை நடத்துகிறார்கள். கம்வோக்யாவில் இருக்கும் அவர்கள் இடத்தில் வாராந்தரம் படைப்புகளை வாசித்துப் பேசும் கூட்டமும் நடப்பதுண்டு. முதல் வாரம் வாசிக்க வேண்டாம், கேட்டுவிட்டு மட்டும் வரட்டும். அந்த மாலையில் குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தோழி என்று எழுதியிருக்கிறீர்களே!

கேள்வி (நகூரு): கவிதையை யாராவது திருடிவிட்டால்? பதிவு செய்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டுமா? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: எழுதி முடித்த கணத்திலேயே கென்யச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, வாழ்நாளும் அதற்குப் பின் ஐம்பது ஆண்டும் நீடிக்கும். பதிப்புரிமை வாரியத்தில் பதிவு செய்வது விருப்பம், கட்டாயமில்லை. வழக்கு வந்தால் சான்றாக உதவும். அறிமுகமில்லாத கவிஞரின் கவிதையைத் திருட யாரும் அலைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள். பதிப்புரிமையையே எழுதிக் கேட்கிறார்களா, பதிப்பிக்கும் உரிமத்தை மட்டும் கேட்கிறார்களா? முன்னதென்றால் வேண்டாம். மொழிபெயர்ப்பு, ஒலிப்பதிவு உரிமைகள் யாரிடம்? நூல் இருப்புத் தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எப்போது திரும்பும்? இந்த மூன்றாவதற்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லாவிட்டால் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். ராயல்டி பத்து விழுக்காடு என்பது பரவலான வழக்கம். கவிதைக்குக் கீழேயும் போகும். அதற்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், தொகை சிறியது. சர்வதேச நூல் எண்ணை உள்நாட்டுப் பதிப்பென்றால் கென்ய தேசிய நூலகச் சேவை வழங்குகிறது. இதைத் 'தனிக் கட்டணம்' என்று பெரிய தொகையாகப் போடும் பதிப்பாளரிடம் கொஞ்சம் எச்சரிக்கை.

கேள்வி (அக்ரா): முதல் தொகுப்புக்குப் பிரபலமானவரிடம் முன்னுரை வாங்குவது நல்லதா?

பதில்: நான் மேலே சொன்ன ம்ட்ஷாலிக்குத் தென்னாப்பிரிக்க நாவலாசிரியர் நேடின் கோர்டிமர் எழுதினார். கோர்டிமர் போன்ற ஒருவர் முன்வந்தால் வாங்கலாம். உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர் முன்வந்தால் அன்போடு மறுத்துவிடலாம்.

கேள்வி (லாகோஸ்): இவ்வளவும் செய்து நூல் வந்தால் கவிஞருக்கு வருமானம் வருமா?

பதில்: உங்கள் நாட்டில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நைஜீரிய திரவ எரிவாயு நிறுவனம் தரும் இலக்கியப் பரிசு 1,00,000 டாலர். புதினம், கவிதை, நாடகம், குழந்தை இலக்கியம் என்று ஆண்டுக்கு ஒன்றாக மாறி மாறித் தருவதால், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவிதையின் முறை வரும். 2022-இல் ரோமியோ ஒரியோகுன் பெற்றார். அவரும் 2017-இல் அந்தப் பத்துக் கவிதைப் பரிசை வென்றவர்தான். முதல் முழு நூல் 2020-இல் நெப்ராஸ்காவிலிருந்து வந்தது. பெரிய பரிசு அடுத்த நூலுக்கு. நாலு வருஷத்துக்கு ஒருவர் என்பதைக் கவனியுங்கள். மற்றவர்களுக்கு நூலிலிருந்து நேராக வருவது கொஞ்சம். நூலைக் காட்டி விழா அழைப்பு, பயிலரங்கு, கல்வி உதவித்தொகை, எழுத்துத் துறையில் ஆசிரியர் வேலை என்று வருவதே அதிகம். டர்பனில் 1997 முதல் நடக்கும் 'பொயட்ரி ஆப்பிரிக்கா', உங்கள் லாகோஸ் கவிதைத் திருவிழா இரண்டிலும் மேடையேறுகிறவர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை உண்டு. உங்கள் கவிஞர் வங்கியில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விட வேண்டாம் என்று சொல்லுங்கள்; சில்லர்மன் பரிசுக்குக் கடைசி நாளான டிசம்பர் முதல் தேதிக்கு முன் இரண்டு நாள் விடுப்பு மட்டும் எடுக்கட்டும்.